பேசும் நடுவர்

முறை வைத்து ஆடும் வியூக ஆட்டங்களுக்குள் புதிதாக நுழைய விரும்பும் ஒருவருக்கு எதை முதலில் கொடுப்பது என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். இருப்பதிலேயே புகழ்பெற்றதைக் கொடு என்பது ஒன்று. அதாவது ‘சிவிலைசேஷன்’. 1991இல் சிட் மெயர் உருவாக்கிய முதல் பாகம் தொடங்கி 2025இல் வந்த ஏழாம் பாகம்வரை இந்த வகைக்கே அடையாளமாக நிற்கும் தொடர் அது. எதைக் கொடுத்தாலும் லெவலைக் குறைத்துக் கொடு என்பது மற்றொன்று. ஜெயித்தால் ஆர்வம் வரும், ஆர்வம் வந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்பார்கள். இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவைதான். ஆனாலும் இரண்டும் தவறான வழிகாட்டல் என்றே நினைக்கிறேன். ஓர் ஆட்டத்தின் புகழிலிருந்தும் சுலபத்திலிருந்தும் அதைப் பற்றிப் பல விஷயங்களை ஊகிக்கலாம்; புதியவருக்கு மிகவும் வேண்டிய ஒன்றை மட்டும் ஊகிக்க முடியாது. தோற்றவர், தான் ஏன் தோற்றோம் என்பதை அந்த ஆட்டத்துக்குள்ளிருந்தே, வேறு யாருடைய உதவியும் இல்லாமல் கண்டுகொள்ள முடியுமா? முதல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் இதைக் கேட்க வேண்டும். இதற்கு ஆம் என்று பதில் சொல்லும் ஆட்டம் கடினமானதாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லை என்று சொல்லும் ஆட்டம் எவ்வளவு சுலபமாக இருந்தாலும் அது தொடக்கத்துக்கு ஆகாது.

இந்த ஆட்டங்களின் பெரிய வசதி, கணினி நமக்காகக் காத்திருக்கும் என்பது. காய்களை நகர்த்தி முடித்து, முறை முடிந்தது என்று பொத்தானை அழுத்தும்வரை எதிரி அசையமாட்டான். விரல் வேகம் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் ஒரே தகுதியோடு உட்காரலாம். இவை இயல்பாகவே புதியவர்களுக்கு உகந்தவை என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் யோசிக்க நேரம் கிடைப்பது வேறு, யோசிக்க ஒரு பிடி கிடைப்பது வேறு. நம் ஊர்த் திண்ணைகளிலும் கோயில் தளங்களிலும் கோடு கீறி ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பொதுவாக மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். ஓர் ஆடு வெட்டுப்பட்டவுடன் காரணத்தை விளக்க ஆள் தேவைப்படாது. அடைக்காமல் விட்ட புள்ளி கண்முன்னே கிடக்கிறது. அடுத்த முறை அதை அடைக்கத் தோன்றும். அடைத்தால் வேறொரு பக்கம் திறந்துகொள்வதும் தெரியவரும். எழுத்தில் ஒரு வரி விளக்கம் இல்லாமல் ஓர் ஆட்டம் தலைமுறைகளைக் கடந்து வந்தது இப்படித்தான். தப்பும் அதன் தண்டனையும் அடுத்தடுத்து நின்றன.

கணினி ஆட்டங்களில் இந்த நெருக்கம் எப்படிக் கலைந்தது என்று பார்க்கப் போர்ப் பயிற்சி ஆட்டங்களின் வரலாறு உதவும். 1824இல் பிரஷ்ய ராணுவத்தின் இளம் அதிகாரி கியோர்க் ஃபான் ரைஸ்விட்ஸ், ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர் ஆட்டத்தைத் தலைமைத் தளபதி அலுவலக அதிகாரிகளின் முன் ஆடிக் காட்டினார். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடப் போரைக் குறிக்கும் சுற்றுகள், சேதத்தைக் கணக்கிடப் பகடைகளும் அட்டவணைகளும். இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர். அதிகாரிகள் தங்கள் கட்டளைகளை அவரிடம் கொடுப்பார்கள். காய்களை நகர்த்துவது, யார் கண்ணுக்கு எது தெரியும் என்று தீர்மானிப்பது, பகடை உருட்டி அட்டவணையைப் புரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் விதிகளின் சுமை நடுவர்களை அழுத்தியது. நடுவராக உட்காரத் தகுதியும் பொறுமையும் உள்ளவர்கள் கிடைப்பது அரிதானது. 1876இல் யூலியஸ் ஃபான் வெர்டி து வெர்னுவா துணிந்து ஒரு காரியம் செய்தார். அட்டவணையையும் பகடையையும் விலக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவர் தன் மதிப்பீட்டால் முடிவு சொல்லட்டும் என்றார். துல்லியம் குறைந்திருக்கலாம்; ஆட்டம் உயிர் பெற்றது. அப்படிப்பட்ட நடுவரால் பேச முடிந்தது என்பதுதான் இதில் நமக்கு முக்கியம். உன் குதிரைப்படை ஏன் சிதறியது, எந்தக் குன்றை நீ கவனிக்கவில்லை என்று ஆட்டம் முடிந்தபின் அவர் எடுத்துச் சொல்வார். பயிற்சி என்று ஒன்று நடந்திருந்தால் அது பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் நடந்தது.

கணினி வந்தபோது வெர்டியைக் கவலைப்படுத்திய பிரச்சினை காணாமல் போனது. கணினி சோர்வடையாத நடுவர். எத்தனை அட்டவணை கொடுத்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் புரட்டிவிடும். அதனால் ஆட்டத்தை வடிவமைப்பவர்களுக்குக் கை கட்டவிழ்ந்தது. விதிக்கு மேல் விதி சேர்ந்தது. நல்ல விஷயம்தான். அப்படித்தான் ஒரு நாகரிகத்தின் ஆறாயிரம் ஆண்டுகளை ஒரு பெட்டிக்குள் வைக்க முடிந்தது. ஆனால் இந்த நடுவர் கணக்கை மட்டுமே போடுவார், வாய் திறக்கமாட்டார். ‘சிவிலைசேஷன்’ ஆறாம் பாகத்தில் சாதாரண வேகத்தில் ஓர் ஆட்டம் 500 முறைகள்வரை நீளலாம். இருபதாவது முறையில் ஒருவர் ஆறோ ஏரியோ இல்லாத இடத்தில் நகரம் அமைக்கிறார் என்று கொள்வோம். நன்னீர் கிடைக்கும் இடத்தில் நகரம் தொடங்கும்போது இருக்கும் குடியிருப்பு அளவு 5. நீரே இல்லாத இடத்தில் 2. மக்கள்தொகை அந்த அளவை நெருங்கும்போது வளர்ச்சி மெல்ல மந்தமாகும். ஆள் குறைந்தால் உற்பத்தி குறையும், உற்பத்தி குறைந்தால் படை தாமதமாகும், நூறாவது முறையில் பக்கத்து நாட்டுக்காரன் மதில் ஏறுவான். அந்தப் புதியவர் கண்ணில் படுவது மதில் ஏறியவன் மட்டுமே. படை போதவில்லை என்று முடிவு கட்டி, அடுத்த ஆட்டத்தில் தொடக்கத்திலேயே படை திரட்டுவார். மறுபடியும் அதே வறண்ட நிலத்தில் நகரம் எழும். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டார். கற்றது பிழையான பாடம்.

ஆலோசகர்கள் இருக்கிறார்களே, டுட்டோரியல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். எங்கே நகரம் அமைக்கலாம் என்று வரைபடத்தில் குறிபோட்டுக் காட்டுவார்கள். அடுத்து எதைக் கட்டலாம் என்று பரிந்துரைப்பார்கள். ஆனால் என்ன செய்வது என்று சொல்லும் அளவுக்கு ஏன் என்று அவர்கள் சொல்வதில்லை. குறி இருக்கும் இடத்தில் நகரம் அமைப்பவர் கட்டளைக்குக் கீழ்ப்படியப் பழகுகிறார். குறி இல்லாத நாளில் மீண்டும் தொடக்கத்துக்கே வந்து நிற்பார்.

லெவலைக் குறைப்பது என்ற இரண்டாவது பதில் இன்னும் பெரிய ஏமாற்றம். இதே ஆட்டத்தில் எட்டு லெவல்கள் உண்டு. ‘பிரின்ஸ்’ என்ற நான்காவது லெவலில் இரு தரப்புக்கும் சலுகை கிடையாது. அதற்கு மேலே போகப் போகக் கணினிக்குச் சலுகை கூடுகிறது. கீழே இறங்க இறங்கச் சலுகை நம் பக்கம் சாய்கிறது. எதிரியின் யோசிக்கும் திறன் இவற்றால் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது தண்டனையின் அளவு. கடைசிப் படியான ‘செட்லர்’ லெவலில் வறண்ட இடத்தில் நகரம் அமைத்தாலும் ஒன்றும் ஆகாது, ஆற்றங்கரையில் அமைத்தாலும் ஒன்றும் ஆகாது. எதைச் செய்தாலும் ஒரே பலன் என்றால் எது சரி என்று எதைக் கொண்டு தெரிந்துகொள்வது? இதற்கு உளவியலிலும் ஆதாரம் உண்டு. ஜான் ஸ்வெல்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒரு கணக்கைத் தீர்ப்பதும் அந்தக் கணக்கிலிருந்து கற்பதும் ஒன்றல்ல என்று காட்டியது. விடையை எட்டிவிடும் முனைப்பிலேயே மனத்தின் கொள்ளளவு முழுவதும் செலவானால், அந்தக் கணக்கின் அமைப்பைக் கவனிக்க இடம் மிஞ்சாது. விடை வந்துவிடும், அறிவு வராது. குறைந்த லெவலில் வென்றுகொண்டே இருப்பவரின் நிலை இதுவே. அவர் ஒருநாள் லெவலை உயர்த்தும்போது, இத்தனை நாளும் வென்ற தான் ஏன் திடீரென்று தோற்கிறோம் என்று புரியாமல் திகைப்பார். அந்தத் திகைப்போடு ஆட்டத்தை மூடிவைப்பவர்கள் பலர்.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். ‘இன்டு த பிரீச்’, சப்செட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2018இல் வெளியிட்டது. எட்டுக்கு எட்டுக் கட்டம். சதுரங்கப் பலகையின் அளவு. நம்மிடம் மூன்று இயந்திரங்கள். மண்ணுக்குள்ளிருந்து ‘வெக்’ என்னும் ராட்சதப் பூச்சிகள் முளைக்கின்றன. மக்கள் வாழும் கட்டடங்களைக் காக்க வேண்டும். பெரும்பாலான போர்கள் ஐந்து முறைகளுக்குள் முடிந்துவிடும். பூச்சிகள் முதலில் நகர்ந்து, எந்தக் கட்டத்தைத் தாக்கப்போகிறோம் என்று அறிவித்துவிட்டு நிற்கும். பிறகு நம் முறை. நாம் முடித்தபின் அறிவித்தபடியே, அறிவித்த வரிசையிலேயே அடி விழும். அடுத்து எங்கே முளைக்கப்போகின்றன என்பதும் தரையில் குறிக்கப்பட்டிருக்கும். எண்கள் எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. கட்டடம் எப்போதாவது அதிர்ஷ்டத்தால் ஓர் அடியைத் தாங்கிக்கொள்வதைத் தவிர, நம் நகர்வின் பலனில் பகடைக்கு இடமே இல்லை. ஒரு பூச்சியைக் கொல்ல வழியில்லை என்றால் அதை ஒரு கட்டம் பக்கவாட்டில் தள்ளிவிடலாம். அதன் தாக்குதலும் ஒரு கட்டம் நகரும். சில சமயம் அது இன்னொரு பூச்சியின் மேலேயே விழும். நகர்த்தியதைத் திரும்பப் பெறலாம். ஒரு போரில் ஒரேயொரு தடவை முழு முறையையும் அழித்துவிட்டு மீண்டும் ஆடலாம்.

இது சுலபமான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதல் சில ஆட்டங்களில் புதியவர் அநேகமாகத் தோற்பார். இருந்தாலும், ஒவ்வொரு கட்டடம் இடியும்போதும் எந்த நகர்வால் இடிந்தது என்று அவருக்குத் தெரியும். நடுவர் இங்கே பேசுகிறார்; பலகையையே வாயாகக்கொண்டு பேசுகிறார். இது தற்செயலாக வந்ததல்ல. அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மாத்யூ டேவிஸ், திரையில் தெளிவாகக் காட்ட முடியாத யோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கைவிட்டதாக 2019இல் ஆட்ட வடிவமைப்பாளர் மாநாட்டில் விளக்கினார். திரையில் தகவலைக் காட்டும் முறையைச் செம்மைப்படுத்துவதிலேயே அவர்களுடைய உழைப்பில் பெரும் பங்கு போயிருக்கிறது. புதியவர்மேல் காட்டப்படும் உண்மையான மரியாதை இது என்பேன். அவருக்காக எதிரியை மழுங்கடிக்கவில்லை, தகவலைக் கூர்மையாக்கினார்கள்.

சதுரங்க உலகம் இதை வெகு முன்பே அறிந்திருந்தது. உலக சாம்பியனாக இருந்த காப்பபிளாங்கா 1921இல் எழுதிய அடிப்படை நூல், தொடக்க நகர்வுகளிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒரு ராஜாவும் யானையும் சேர்ந்து தனித்து நிற்கும் ராஜாவை எப்படி முற்றுகையிடுவது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறது. மொத்தம் மூன்றே காய்கள். முப்பத்திரண்டு காய்களுக்கு நடுவில் யானையின் பலம் எங்கோ ஒளிந்திருக்கும். வெறும் பலகையில் அது குறுக்கும் நெடுக்கும் வரையும் கோடு பளிச்சென்று தெரியும். தொடக்கத்தில் காய்களைக் குறைக்கச் சொல்வதன் பொருள் ஆட்டத்தை எளிதாக்குவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று காய் முடிவாட்டத்திலும் தப்பான ஒரு நகர்வு வெற்றியைக் கைநழுவச் செய்யும். காய் குறையும்போது காரணம் வெளியே வருகிறது. கடுமை அப்படியே இருக்கிறது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். நீங்கள் சொல்வது புதிர்; வியூகம் எங்கே என்று கேட்பார்கள். எதிரி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மிச்சமிருப்பது விடை கண்டுபிடிப்பது மட்டும்தானே? வளம் சேர்ப்பது, பத்து முறை கழித்து வரப்போவதற்கு இன்றே விதைப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பது ஆகியவைதானே வியூகம்? இந்த மறுப்பில் பாதி நியாயம் உண்டு. ‘இன்டு த பிரீச்’சில் கட்டடங்களின் மின்சக்தி ஒரு போரிலிருந்து அடுத்த போருக்குத் தொடர்கிறது, முதல் போரில் இழந்தது கடைசிப் போரில் உறுத்தும். ஆனாலும் பொருளாதாரம் என்று சொல்லும்படி அதில் அதிகம் இல்லை. அதற்காக உடனே ஆறாயிரம் ஆண்டு வரலாற்றுக்குள் குதிக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு படி இருக்கிறது.

2001இல் நின்டெண்டோவின் கைக்கருவிக்கு வந்த ‘அட்வான்ஸ் வார்ஸ்’தான் அந்தப் படி. ஜப்பானில் 1988இலேயே தொடங்கிய ஒரு தொடரின் வழித்தோன்றல். உருவாக்கியது இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ். 2023இல் ஸ்விட்ச் கருவிக்குப் புது வடிவில் மீண்டும் வந்தது. இதன் பொருளாதாரத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம், அதுவே இதன் அழகு. நம் வசமுள்ள ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு முறையும் 1000 பணம் தரும். ஒரு காலாட்படையின் விலை 1000. ஒரு டாங்கியின் விலை 7000. நகரத்தைக் கைப்பற்ற 20 புள்ளிகள் வேண்டும். சேதமில்லாத காலாட்படை ஒரு முறைக்கு 10 புள்ளி எடுக்கும். ஆக, ஒரு காலாட்படை இரண்டு முறையில் ஒரு நகரத்தைப் பிடித்து, அடுத்த முறையே தன் விலையைத் திருப்பித் தந்துவிடுகிறது. இதற்குப் பின் வருவதெல்லாம் லாபம். இரண்டாவது முறையில் ஒரு காலாட்படையைச் சும்மா நிறுத்தி வைத்தவர், பத்தாவது முறையில் எதிரியிடம் தன்னைவிட ஒரு டாங்கி கூடுதலாக இருப்பதைப் பார்க்கிறார். அந்த டாங்கி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட ஒரு துண்டுத்தாள் போதும். தாக்குவதற்கு முன்பே எத்தனை சதவீதம் சேதம் விளையும் என்று திரை காட்டிவிடும். அதிர்ஷ்டத்தின் பங்கு மிகச் சிறிது. விதைப்பதற்கும் அறுப்பதற்கும் இடையே எட்டு முறை இடைவெளி இருக்கிறது, அதனால் இது புதிர் ஆகாது. அந்த இடைவெளியைக் கண் தாண்டிவிட முடிகிறது, அதனால் காரணமும் தொலைந்துபோவதில்லை. வியூகம் கற்பிக்க இதைவிடத் தெளிவான கருவி ஒன்றை நினைத்துப் பார்ப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இன்னொரு மறுப்பு அதிர்ஷ்டம் பற்றியது. போர் என்றால் நிச்சயமின்மை. பகடை இல்லாத ஆட்டத்தில் பழகியவர் பகடை வந்ததும் உடைந்துபோவார் என்பது. நிச்சயமின்மையைக் கற்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். எப்போது, எந்த ஆட்டத்தின் வழியாக என்பதே கேள்வி. சிட் மெயர் 2010இல் ஆற்றிய ஓர் உரையில், தன் ஆட்டங்களைச் சோதித்துப் பார்த்தவர்களைப் பற்றிச் சொன்னார். மூன்றுக்கு ஒன்று என்ற சாதகத்தில் தோற்றால் அநியாயம் என்றார்கள். ஒன்றுக்கு மூன்று என்ற பாதகத்தில் ஜெயித்தால் அதைத் தங்கள் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். கணிதத்தை அவர்கள் மனத்துக்கு ஏற்ப வளைக்க வேண்டியிருந்தது. ‘ஃபயர் எம்ப்ளம்’ தொடர் இன்னும் ஒரு படி மேலே போனது. 2002இல் வந்த பாகம் முதல் பல பாகங்களில், அடி படுமா என்று பார்க்க இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியை வைத்துத் தீர்மானித்தது. திரையில் 80 சதவீதம் என்று இருந்தால் உண்மையில் ஏறத்தாழ 92. திரையில் 20 என்றால் உண்மையில் ஏறத்தாழ 8. ஆடுபவர் மனம் நோகக் கூடாது என்ற கருணையில் செய்தது. ஆனால் 80 என்றால் கிட்டத்தட்ட நிச்சயம் என்று பழகிவிட்டவர் ‘எக்ஸ்காம்’ போன்ற ஆட்டத்துக்கு வந்து, 85 சதவீத வாய்ப்பில் சுட்டுத் தவறவிடும்போது கணினி ஏமாற்றுகிறது என்று கத்துவார். அவர்மேல் தவறில்லை. 85 சதவீத வாய்ப்புள்ள ஐந்து சுடுதல்களில் ஒன்றாவது தவறுவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். இதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஆகவே அதிர்ஷ்டத்துக்கு இரண்டாம் கட்டத்தில் இடம் கொடுக்கலாம், தன் கணக்கை மறைக்காத ஆட்டத்தின் வழியாக. ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ அதற்குப் பொருத்தமானது. 2003இலிருந்து தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் இலவச ஆட்டம். மூல நிரல் திறந்தே இருக்கிறது. அடி படும் வாய்ப்பை எதிரி நிற்கும் நிலம் தீர்மானிக்கிறது. பகலில் மனிதப் படைகள் 25 சதவீதம் வலுக்கின்றன. இரவில் ‘ஆர்க்’ படைகள் அதே அளவு வலுக்கின்றன. தாக்குமுன் எத்தனை அடி, ஒவ்வொன்றும் எவ்வளவு, படும் வாய்ப்பு எவ்வளவு என்று காட்டும்; கேட்டால் சண்டை முடிவில் யார் உயிரோடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற முழுக் கணக்கையும் விரித்துக் காட்டும். இதில் பகடை கொடுமையாகத்தான் விழும். ஆனால் தோற்றவர் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்டுக்கொள்ள முடியும்: நான் எடுத்த முடிவு தவறா, முடிவு சரியாக இருந்து பகடை கைவிட்டதா? இரவில் ஆர்க்குகள்மேல் சமவெளியில் பாய்ந்திருந்தால் முதலாவது. விடியும்வரை காட்டுக்குள் காத்திருந்தும் விழுந்திருந்தால் இரண்டாவது. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கு ‘எக்ஸ்காம்’ அநியாயமாகத் தோன்றாது. குறி தவறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிக்கச் சொல்லும் ஆட்டம் அது என்று அவருக்குப் புரியும்.

மிகக் கடினமான மறுப்பை மதிப்போடு அணுக வேண்டும். ஆசைதான் ஆசான் என்கிறது அது. சோழப் பேரரசையோ சீனப் பேரரசையோ உலகளாவிய நகரங்களையோ கட்டி ஆளும் கனவோடு வருபவருக்கு, எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் பூச்சி தள்ளுவது சுவைக்குமா? ‘சிவிலைசேஷன்’ வழியாகவே இந்த உலகத்துக்குள் வந்து, அதையே காதலித்து, இன்றும் ஆடுபவர்கள் லட்சக்கணக்கில் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அவர்களைச் சாட்சியாக அழைக்கும்போது, நுழைந்து வெளியேறியவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை என்பதை மறக்கக் கூடாது. ஒரு வாயிலின் அகலத்தை, உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணி அளக்க முடியாது. தவிர, நிலைத்தவர்களில் பலருக்கு அண்ணனோ அக்காவோ விடுதி நண்பனோ பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே வைக்காதே, ஆற்றோரம் வை என்று சொல்லியிருப்பார்கள். வெர்டியின் நடுவர் அவர்கள் வீட்டிலேயே இருந்தார். இன்று அந்த இடத்தை யூடியூப் விளக்கங்கள் ஓரளவு நிரப்புகின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆசை உள்ளவருக்கு அந்த ஆசையைத் தடுக்க வேண்டாம். பக்கத்தில் பேசும் ஒருவர் இல்லாதவருக்கு மட்டும், பலகையே பேசும் ஆட்டத்தை முன்னால் வையுங்கள் என்கிறேன்.

தமிழில் வாசிப்பவர்களுக்கு இது இன்னும் அழுத்தமான காரணம். இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை தமிழில் கிடைப்பதில்லை. ‘சிவிலைசேஷன்’ போன்ற ஆட்டத்தில் விதிகள் அதன் உள்ளேயே இருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தில், பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் கிடக்கின்றன. தமிழ்வழியில் படிக்கும் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நடுவர் ஊமை மட்டுமல்ல, புரியாத மொழியில் சட்டப் புத்தகத்தையும் நீட்டுகிறார். அம்புக்குறியாலும் சிவப்புக் கட்டத்தாலும் சிறு எண்களாலும் விளக்கும் ஆட்டமோ மொழியைத் தாண்டிவிடுகிறது. ஒரு பிள்ளையின் யோசிக்கும் திறனை அதன் ஆங்கிலத்தைக் கொண்டு வடிகட்டுவது எனக்கு உவப்பில்லை. அந்த வடிகட்டல் பள்ளியில் போதுமான அளவு நடக்கிறது.

கருவியும் காசும் கூடத் தடைதான், ஆனால் முன்பைப் போல இல்லை. சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே அடுத்த படிகளை ஏறிவிடலாம். ஸ்வீடனின் மிட்ஜிவான் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘பேட்டில் ஆஃப் பாலிடோபியா’ நான்கு இனக்குழுக்களோடு இலவசமாகக் கிடைக்கிறது. இதன் ஒரு வகை ஆட்டம் 30 முறைகளில் முடிந்துவிடும். நகரங்கள் கூடக்கூடப் புதிய தொழில்நுட்பத்தின் விலையும் கூடும். எத்தனை நகரம் வரை விரிவது, எப்போது கற்பது என்ற பெரிய நாகரிக ஆட்டங்களின் மையக் கேள்வி உள்ளங்கைக்குள் வந்துவிடுகிறது. 30 முறை என்பதால் தோல்வியின் தொடக்கம் நினைவில் இருக்கும்போதே முடிவு வந்துவிடும். அதற்கு அடுத்து ‘அன்சிவ்’: ‘சிவிலைசேஷன்’ ஐந்தாம் பாகத்தின் விதிகளை எளிய படங்களோடு மறுபடி எழுதிய, திறந்த மூல நிரல் கொண்ட இலவச ஆட்டம். இங்கே வந்து சேர்பவர் கனவு கண்ட பேரரசுக்கே வந்துவிட்டார்.

அங்கேயும் முதல் ஆட்டத்தைத் தொடங்கும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். வழக்கமாகச் செய்வது போலப் பெரிய உலகத்தையும் குறைந்த லெவலையும் எடுக்காமல், இருப்பதிலேயே சிறிய வரைபடம், ஒரே ஓர் எதிரி, இரு தரப்புக்கும் ஏறத்தாழ சமமான ‘பிரின்ஸ்’ லெவல் என்று வைத்துக்கொள்வது நல்லது. முதல் ஆட்டத்தில் சமயம், உளவு, ராஜதந்திரம் எதையும் துரத்த வேண்டாம். நகரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். 25, 50, 75ஆம் முறைகளில் ஆட்டத்தைத் தனித்தனிப் பெயரில் சேவ் செய்துகொள்ள வேண்டும். தோற்றபின் புது ஆட்டம் தொடங்குவதற்கு முன், அந்தச் சேவ்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, இங்கிருந்து ஆடினால் இன்னும் மீள முடியுமா என்று பார்க்கலாம். 75இல் முடியாது, 50இல் முடியும் என்று தெரிந்தால் தவறு அந்த இருபத்தைந்து முறைகளுக்குள் இருக்கிறது. அதில் எந்த நகரம் வளராமல் நின்றது என்று பார்த்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் மாற்றி 50இலிருந்து மறுபடி ஆடலாம்.